கருப்பையும் கணக்கேடும்

உதகைக்கு வருவோர் மலையழகைக் கண்டு மகிழ்கின்றனர். அந்தச் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணைக் காண்போர் எத்தனை பேர்? அவள் கைக்குக் கூலிக்கணக்கு இருந்தது போலவே, அவள் கருப்பைக்கும் ஒரு கணக்கு எழுதப்பட்டது. அந்த வரலாறு நம் இளைஞர் அறியவேண்டிய ஒன்று.

மகப்பேற்றைத் தெய்வத்தின் வரம் என்றும் தலைவிதி என்றும் சொல்லிப் பெண்ணை வாட்டிய காலம் நெடியது. அறிவியல் அவ்விதியை வினவியது. 1909-இல் செருமனி மருத்துவர் ரிக்டர், பட்டுப்புழுவின் குடலிழையால் ஆன வளையத்தைக் கருப்பையில் பொருத்தும் முறையை வெளியிட்டார். 1920-களில் கிராபென்பெர்க் அதனைச் செம்மைப்படுத்தினார். 1960-களில் அமெரிக்க மருத்துவர் லிப்பீஸ் நெகிழியால் 'லூப்' செய்தார். வேண்டும்போது பொருத்தலாம்; வேண்டாதபோது எடுக்கலாம்; எடுத்தபின் மீண்டும் கருவுறலாம். பெண்ணுக்கு இதைவிட நல்ல கருவி வேறென்ன வேண்டும்?

1965-இல் இந்திய அரசு லூப்பை நாடெங்கும் பரப்பியது. ஆயினும் தொடக்கத்தின் விரைவு சில ஆண்டுகளிலேயே தளர்ந்தது. ஏன்? எத்தனை பேருக்குப் பொருத்தினோம் என்று எண்ணியவர்கள், பொருத்தப்பட்டவளுக்கு உதிரப்போக்கு உண்டாகலாம், வலி வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. பின்னர் சென்று பார்க்கவும் இல்லை. அச்சம் வளர்ந்தது, வதந்தி பரவியது. பழி கருவியின் மேல் விழுந்தது; குற்றமோ அதைக் கையாண்ட முறையில் இருந்தது!

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை முதலாளிமேல் கடமையாக்கியது. ஒவ்வொரு பிறப்பும் நிர்வாகத்துக்குச் செலவாயிற்று. 1971-இல், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் முயற்சியால், நீலமலைத் தோட்டங்கள் சிலவற்றில் ஒரு திட்டம் எழுந்தது. கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளி பெயரில் 5 ரூபாய் வைப்பு. பிள்ளைகள் மிகுந்தால் அத்தொகையில் இழப்பு. முதுமையில் கையில் பணம். முறை எதுவாயினும் சரி, பிறப்புதான் கணக்கு!

சேமிப்பு வேண்டாம் என்போமா? இல்லை, முதுமைக்குப் பிள்ளையே துணை என்றிருந்தவளுக்கு அது ஓர் ஊன்றுகோல். ஆனால் அந்த ஊன்றுகோலைப் பிறர் ஏட்டில் கட்டிவைத்தது முறையா?

1930-களிலேயே பெரியார் இதைத் தெளிவுபடுத்திவிட்டார். நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் கருத்தடை வேண்டும் என்று மற்றவர் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அவர்.

இன்று காப்பர்-டி 10 ஆண்டுவரை காக்கிறது. அதைப் பொருத்திய நூறு பேரில் ஓராண்டில் கருவுறுவோர் ஒருவருக்கும் குறைவு. கருவி வளர்ந்துவிட்டது, நாமும் வளர்ந்தோமா? தோழர்களே, நம் வீட்டுப் பெண்ணுக்கு உண்மையை முழுதும் சொல்லுங்கள். பொருத்துவதும் அவள் விருப்பம், எடுப்பதும் அவள் விருப்பம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அவள் கருப்பைக்கு அவளே உரிமையாளர். அந்தக் கணக்கை எழுதும் கையும் அவளுடையதாகட்டும்!