கூரை யாருக்குச் சொந்தம்?

கட்டிடம் என்பது அதிகாரத்தின் மொழி என்று எழுதி எழுதி நமக்கெல்லாம் அலுத்துப்போயிற்று. எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதிகாரம் எழுதிய பிரதியை மக்கள் அப்படியேதான் வாசிக்கணுமா என்ன?

1965இல் மைன்ஹார்ட் ஃபான் கெர்க்கனும் ஃபோல்க்வின் மார்க்கும் ஹாம்பர்க்கில் தொடங்கிய 'ஜி.எம்.பி.' கட்டிடக்கலை நிறுவனம் பல அரசுகளுக்கு வேண்டப்பட்டது. ஹனோய் அருங்காட்சியகம் (2010), வரலாற்று அருங்காட்சியகத்தையும் புரட்சி அருங்காட்சியகத்தையும் இணைத்து பெய்ஜிங்கில் விரிவாக்கப்பட்ட சீன தேசிய அருங்காட்சியகம் (2011), வியட்நாமின் நாடாளுமன்றக் கட்டிடம் (2014) எல்லாம் இவர்கள் கைவரிசை.

2006இல் திறந்த பெர்லின் மைய ரயில் நிலையமும் அப்படித்தான். கீழ்த்தளத்துக்கு கெர்க்கன் வரைந்தது வளைந்த உட்கூரை. ரயில்வே நிறுவனம் செலவு மிச்சம் என்று தட்டையாகப் போட்டுவிட்டது. கெர்க்கன் வழக்குப் போட்டார். அந்த நவம்பரிலேயே பெர்லின் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு சமரசம் ஆயிற்று; கூரை தட்டையாகவே நின்றுவிட்டது.

இதே நிறுவனம் சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் வடிவமைத்த சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் 2010 மார்ச் 13இல் திறக்கப்பட்டது. குவிமாடம் அதற்குள் முடியவில்லை. சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒன்றைச் செய்து மேலே நிறுத்தினார். 2011இல் ஆட்சி மாறியது. சட்டமன்றம் பழையபடி கோட்டைக்கே போயிற்று. 2014 பிப்ரவரியில் வளாகம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆயிற்று. அங்கே உட்கூரைக்கே வழக்கு; இங்கே கட்டிடத்தின் பொருளே தலைகீழ்.

பழிவாங்கல் அரசியல் என்று அன்று நானும் கத்தினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. கட்டும்போதும் நம்மைக் கேட்கவில்லை, மாற்றும்போதும் கேட்கவில்லை.

பிறகொரு நாள் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவியிடம், 'பாட்டி, இது சட்டசபைக்குன்னு கட்டினது தெரியுமா?' என்றேன். 'இருக்கட்டும்யா. ஸ்கேன் எடுக்கிறது எந்தப் பக்கம்? அதச் சொல்லு' என்றாள். என் வாசிப்பில் அவளுக்கு இடமே இருந்ததில்லை.

2021இல் கட்டியவர்களே ஆட்சிக்குத் திரும்பினார்கள். மருத்துவமனை மருத்துவமனையாகவே நீடித்தது. தீர்ப்பு வாங்கியும் கெர்க்கனால் தன் கூரையை மீட்க முடியவில்லை. எந்தத் தீர்ப்பும் கையில் இல்லாமல், தினமும் வந்து வரிசையில் நிற்பதாலேயே அந்தக் கிழவி போன்றவர்கள் இந்தக் கட்டிடத்தைத் தங்களுடையதாக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அது அவர்களுக்குத் தற்செயலாய்க் கிடைத்தது, உரிமையாய் அல்ல. அடுத்த பொதுக்கட்டிடத்துக்கு வரைபடம் விரிக்கிறபோதாவது அவளை முதலில் கேட்கணும்.