"யார் கண்டது?" என்று கேட்பதற்கு முன்



ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று தெரியவந்தால், கிண்ணியாவிலும் சரி, மூதூரிலும் சரி, திருகோணமலை டவுனிலும் சரி, பெரியவர்கள் முதலில் கேட்பது "யார் கண்டது?" என்றுதான். கண்ட சாட்சி இல்லாவிட்டால் கேஸ் நிற்காது, பிள்ளையின் பெயர்தான் கெடும் என்று ஊருக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்கிறோம். சட்டம் உண்மையில் அப்படிச் சொல்கிறதா? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

நமது நீதிமன்றங்கள் சாட்சியத்தை எடைபோடுவது 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சாட்சியக் கட்டளைச் சட்டத்தின்படி. அது 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டத்தைத் தழுவியது. ஒரு விடயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கில்லை என்கிறது அதன் 134ஆம் பிரிவு. கேள்வியை விளங்கிப் பொருத்தமாகப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையும் சாட்சி சொல்லலாம் என்கிறது 118ஆம் பிரிவு.

அப்படியானால் சந்தேகம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து நீதிபதிகளின் வழக்கத்திலிருந்து. 17ஆம் நூற்றாண்டில் மத்தியூ ஹேல் என்ற நீதிபதி, இத்தகைய குற்றச்சாட்டைச் சுமத்துவது சுலபம் என்று எச்சரித்து எழுதினார். பாதிக்கப்பட்டவரின் சொல்லை வேறு சாட்சியம் இல்லாமல் நம்புவது ஆபத்து என்று ஜூரிகளுக்குச் சொல்வது பின்னர் வழமையாயிற்று. அப்படி எச்சரித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இங்கிலாந்தில் 1994இல்தான் நீங்கியது.

இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு இதை நன்றாக விளக்கும். ராஜஸ்தானில் எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, நடந்ததைச் சுமார் நான்கு மணித்தியாலத்துக்குள் தாயிடம் சொல்லியது. விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. மேன்முறையீட்டைக் கேட்ட செஷன்ஸ் நீதிபதியோ, மனதளவில் நம்பினாலும் உறுதிப்படுத்தும் சாட்சியம் போதாது என்று எதிரியை விடுவித்தார். உயர் நீதிமன்றம் தண்டனையை மீட்டது. 1951 டிசம்பரில், ரமேஷ்வர் எதிர் ராஜஸ்தான் மாநிலம் என்ற அந்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது: உறுதிப்படுத்தும் சாட்சியம் தேடுவது நீதிபதி மனதில் வைக்க வேண்டிய எச்சரிக்கை, எல்லா வழக்குக்கும் அது கட்டாயமல்ல. சொல்லிக்கொடுக்க அவகாசம் இல்லாமல், சம்பவத்தையொட்டிப் பிள்ளை தாயிடம் சொன்ன வார்த்தையே 157ஆம் பிரிவின்படி உறுதிப்படுத்தும் சாட்சியமாகும். நமது சட்டத்திலும் அதே 157ஆம் பிரிவு இருக்கிறது.

இலங்கையிலும் 1986இல் அறிக்கையிடப்பட்ட சுனில் எதிர் சட்டமா அதிபர் வழக்கில், பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் மனதை நம்பவைக்குமானால் வேறு சாட்சியம் இன்றியும் அதை ஏற்கலாம் என்று தீர்ப்பாயிற்று. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், சம்மதம் இல்லை என்று காட்ட உடலில் காயம் இருந்தே ஆகவேண்டியதில்லை என்றது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பிள்ளையின் முதல் விசாரணையை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் காட்ட வழிசெய்தது. ஆனாலும் பிள்ளை குறுக்கு விசாரணைக்கு வரத்தான் வேண்டும்.

இதனால் எதிரியின் உரிமை போய்விடவில்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் அவர் விடுதலைதான். அதனால்தான் நீதிபதி சிலவற்றைப் பார்க்கிறார்: பிள்ளை எவ்வளவு விரைவாகச் சொன்னது, சொன்னது மாறாமல் இருக்கிறதா, நடக்கக்கூடியதா, பொய் சொல்ல யாருக்காவது காரணம் உண்டா.

இதில் முதலாவது நம் கையில்தான் இருக்கிறது. பிள்ளை உம்மாவிடமோ டீச்சரிடமோ அன்றே சொல்லியிருக்கும். நாம் மூன்று கூட்டம் போட்டு, இரண்டு மாதம் இழுத்தடித்து, பிறகு பொலிசுக்குப் போவோம். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று எதிரியின் சட்டத்தரணி கேட்பார். கூண்டில் நின்று பதில் சொல்வது நாமல்ல, அந்தப் பிள்ளை. ஆளுக்காள் திரும்பத் திரும்பக் கேட்டால் பிள்ளையின் சொல்லும் குழம்பும். "சொல்லிக்கொடுத்தார்கள்" என்ற வாதத்துக்கும் இடம் கிடைக்கும்.

எனவே, பிள்ளை சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். வார்த்தையை வாயில் போடாதீர்கள். அது சொன்னபடியே திகதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். உடுப்பைக் கழுவாதீர்கள். அன்றே பொலிசுக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் தாமதமின்றி நடக்கட்டும்.

"யார் கண்டது?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பிள்ளை யாரிடம், எப்போது சொன்னது?" என்று கேட்கப் பழகுவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.