பள்ளி: ஒரு சொல்லின் சமய வரலாறு

தோ பாயோ வட்டாரத்தில் 1898ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சுவாங் லின் பௌத்த மடாலயமும், 1977இல் கட்டி முடிக்கப்பெற்ற முகாஜிரின் பள்ளிவாசலும், கல்விக்கூடங்கள் பலவும் உள்ளன. பின்னிரண்டையும் இன்று நாம் 'பள்ளி' என்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரோ மடாலயத்தையும் அச்சொல்லாலேயே சுட்டியிருப்பர். சமணர் தம் பள்ளிகளில் கல்வி புகட்டியமையால் 'பள்ளிக்கூடம்' என்னும் பெயர் தோன்றிற்று என்பது வகுப்பறைகளில் பரவலாகக் கூறப்படும் விளக்கம். அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பள்ளி என்பதன் அடிப்படைப் பொருள் படுக்கை, உறைவிடம் என்பனவாகும். பள்ளிகொள்ளுதல், பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி ஆகிய வழக்குகள் முதற்பொருளைக் காத்து நிற்கின்றன. தெலுங்கில் 'பல்லெ' என்பதும் கன்னடத்தில் 'ஹள்ளி' என்பதும் சிற்றூரைக் குறிப்பது இரண்டாம் பொருளின் விரிவே. ஆகவே, இச்சொல் பிறப்பால் சமயச் சொல்லன்று.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, நெடுஞ்செழியனின் அலுவலர் ஒருவர் துறவியர்க்குச் செய்வித்த உறைவிடத்தைப் 'பளிஇய்' எனக் குறிக்கிறது. அங்குள்ள கற்படுக்கைகளை நோக்கின், படுக்கை என்னும் பொருளும் உறைவிடம் என்னும் பொருளும் ஓரிடத்தே கூடியிருத்தல் புலனாகும். மதுரைக்காஞ்சியோ பௌத்தர்க்குரிய இடத்தையும் அந்தணர் இருப்பிடத்தையும் பள்ளி என்றே கூறுகிறது. சமணர் இடத்தைச் 'சேக்கை' என்கிறது. சேக்கையும் படுக்கையையும் தங்குமிடத்தையும் குறிக்கும் சொல்லே.

பிற்காலச் சான்றுகள் இப்பொதுமையை மேலும் உறுதிப்படுத்துகின்றன. கி.பி. 849ஐச் சார்ந்த கொல்லத்துச் செப்பேடு கிறித்தவத் தேவாலயத்தைத் தரிசாப்பள்ளி என்கிறது. முதலாம் இராசராசனின் ஆனைமங்கலச் செப்பேடு, கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணிவர்ம விகாரத்தைப் பள்ளி எனச் சுட்டுகிறது. விகாரம் என்னும் வடசொல்லின் அருகிலேயே பள்ளி என்னும் தமிழ்ச்சொல்லும் நிற்பது கருதத்தக்கது. பாண்டியர் காலத் திருப்புல்லாணிக் கல்வெட்டில் 'சோனகச் சாமந்தப் பள்ளி' என்னும் முஸ்லிம் வழிபாட்டிடம் இடம்பெறுகிறது. புதிய சமயத்தார் வந்தபோது அவர்தம் இடத்திற்குத் தமிழர் புதுச்சொல் தேடவில்லை. தமக்குப் பழகிய சொல்லையே வழங்கினர்.

இனி, வகுப்பறை விளக்கத்திற்கு வருவோம். சமணப் பள்ளிகளில் கற்பித்தல் நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. வேடலில் உள்ள முதலாம் ஆதித்தன் காலக் கல்வெட்டு கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் குறிப்பிடுகிறது. எனினும், சமணர் கற்பித்தனர் என்பது ஒன்று. சமணராலேயே அச்சொல் கல்விப்பொருள் பெற்றது என்பது மற்றொன்று. முன்னதைக் கல்வெட்டு நிறுவுகிறது; பின்னது முன்னதினின்று தானே பெறப்படுவதன்று. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறையும் இடம் எச்சமயத்தார்க்கு உரியதாயினும் பள்ளியே என்பதால், கூடம் சேர்ந்து கல்வியிடத்தைக் குறித்தது எனக் கொள்வதே பொருத்தமுடையது. சமணரின் பங்கை இது மறுப்பதாகாது. அதனைப் பலருடைய பங்குகளுள் சிறப்பான ஒன்றாக நிறுத்துகிறது.

சிங்கப்பூரிலும் இவ்வழக்கு தொடர்ந்தது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் தமிழரிடையே 'பெரிய பள்ளி' எனப் பெயர் பெற்றது. சோழர் காலத்து நாகப்பட்டினத்தில் பௌத்தர்க்குரிய இராசராசப் பெரும்பள்ளி இருந்ததை நினைவுகூர்ந்தால், அடைமொழியும் சொல்லும் சமயம் கடந்து நிலைத்தமை விளங்கும்.

பல சமய மாணவர் ஒன்றாக அமர்ந்திருக்கும் வகுப்பில் இச்சொல்லை ஒரு சமயத்தின் உடைமையாகக் கற்பிப்பது வரலாற்றுக்கும் பொருந்தாது, கற்பித்தலுக்கும் உதவாது. கொள்கையால் வேறுபட்டோர் அனைவர்க்கும் உறைவிடம் அளித்த சொல் இது. ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் என்பதற்குப் பொருள் கூறும்போது மாங்குளத்தோடு தரிசாப்பள்ளியையும் நாகப்பட்டினத்தையும் திருப்புல்லாணியையும் சேர்த்துக் கூறுவார்களாயின், மாணவர் ஒவ்வொருவரும் அச்சொல்லின் வரலாற்றில் தமக்கும் ஓர் இடம் உண்டெனக் காண்பர்.