இரண்டாவது வில்லையும் ஒரு வளையத்தின் வரலாறும்

கமரா வாங்கியாயிற்று, அதனுடன் வந்த வில்லை ஒன்றும் இருக்கிறது. இன்னொன்று வாங்கக் கையிலிருப்பதோ சிறு தொகை, எதை வாங்கலாம் அண்ணை என்று இளம் பத்திரிகையாளர்கள் அவ்வப்போது என்னிடம் கேட்பதுண்டு. நான் படப்பிடிப்பாளன் அல்லன். படப்பிடிப்பாளர்களுடன் நெடுங்காலம் அலைந்தவன், அவ்வளவுதான். எனினும் அவர்கள் அனைவரும் கண்ணாடியின் தரத்தைப் பற்றியே விசாரிப்பது எனக்கு வியப்பளிக்கிறது. சிறு முதலுள்ளவனுக்கு எந்த வில்லை எட்டும், எது எட்டாது என்பதைக் கடந்த 90 ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்மானித்து வந்திருப்பது வில்லையின் பின்புறத்தில் இருக்கும் உலோக வளையமே.

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனம் 1925 ஆம் ஆண்டு லைக்கா என்ற சிறு கமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒஸ்கார் பர்னாக் வடிவமைத்த அக்கமராவில் வில்லையைக் கழற்ற முடியாது. 1930 இல் கழற்றி மாட்டக்கூடிய லைக்கா வெளிவந்தது. ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒவ்வொரு வில்லையும் குறித்த ஒரு கமராவுக்கென்றே தொழிற்சாலையில் சரிசெய்யப்பட்டது. கமராவின் தொடரிலக்கத்தின் இறுதி மூன்று இலக்கங்கள் வில்லையிலும் பொறிக்கப்பட்டன. ஒருவருடைய வில்லை மற்றவருடைய கமராவுக்குச் சரிவராது. இரவல் வாங்கவும் வழியில்லை, பழையதாகப் பார்த்து வாங்கவும் வழியில்லை.

அடுத்த ஆண்டிலேயே இது மாறியது. வளையத்திற்கும் படச்சுருளுக்கும் இடையிலான தூரம் 28.8 மில்லிமீற்றர் என நிலைப்படுத்தப்பட்டது. அவ்வாறு அமைந்த கமராக்களின் வளையத்தில் ஒரு சிறிய பூச்சியம் பொறிக்கப்பட்டது. அப்பூச்சியம் உள்ள எந்தக் கமராவிலும் 39 மில்லிமீற்றர் விட்டமுள்ள புரியைக் கொண்ட எந்த லைக்கா வில்லையும் ஏறும். புகைப்படக்கலை வரலாற்று நூல்கள் பெரும் கலைஞர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்; இந்தப் பூச்சியத்தைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடும். ஏழைப் படப்பிடிப்பாளனின் வரலாறு இதிலிருந்தே தொடங்குகிறது என்பது எனது கருத்து.

திருகிப் பூட்டும் புரி எவரும் கடைந்துகொள்ளக்கூடிய எளிய பொருள். சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் 1934 இலேயே லைக்காவைப் பார்த்துச் செய்த 'ஃபெட்' கமராக்கள் உருவாகத் தொடங்கிவிட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின், ஜெனா நகரத்துச் சைஸ் தொழிற்சாலையின் கருவிகளும் நுட்பமும் சோவியத் கைக்குச் சென்றன. 1930களில் லுட்விக் பெர்ட்டெல கணித்து உருவாக்கிய 'சொனார்' வில்லைகள் சோவியத் தொழிற்சாலைகளிலிருந்து 'யுபிட்டர்' என்ற பெயரில், லைக்காவின் புரியுடனும் வெளிவந்தன. சைஸ் தனது கொன்டாக்ஸ் கமராவுக்கென வேறொரு பூட்டு வைத்திருந்தது. அந்நிறுவனத்தின் வில்லை அதன் போட்டியாளருடைய கமராவில் மலிவாக ஏறியமை வரலாற்றின் ஒரு குறும்பு.

யப்பானிலும் இதுவே நிகழ்ந்தது. 1950 இல் 'லைஃப்' சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். யப்பானியரான ஜூன் மிக்கி 85 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லையால் அவரைப் படம் பிடித்தார். படத்தின் கூர்மையைக் கண்டு வியந்த டங்கன் அதைச் செய்த நிறுவனத்தைத் தேடிச் சென்றார். அவ்வாண்டு ஜூனில் கொரியப் போர் மூண்டபோது, அவருடைய லைக்காக்களில் நிக்கோர் வில்லைகளே இருந்தன. அதே புரியில் அவை செய்யப்பட்டிராவிடின், கமராவையே மாற்றும்படி எந்தப் போர்முனைப் படப்பிடிப்பாளரிடம் கேட்டிருக்க முடியும்?

பின்னர் வந்த 42 மில்லிமீற்றர் புரியே எங்களைப் போன்றோருக்கு நெருக்கமானது. 1949 இல் கிழக்கு ஜேர்மனியின் டிரெஸ்டனில் பிறந்த அப்புரியை 1957 முதல் யப்பானின் பென்டாக்ஸ் ஏற்றுக்கொண்டது. பிராக்டிக்கா, செனித், ஃபுஜிக்கா, சினோன் எனப் பலரும் அதையே பயன்படுத்தினர். இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், கையிலிருந்த கமராவை விட்டால் வேறில்லை. 1990களில் எங்கள் அலுவலகத்து மூத்த படப்பிடிப்பாளர் ஒருவரிடம் ஒரு பழைய பிராக்டிக்காவும், 50 இலும் 135 இலும் ஒவ்வொரு வில்லையும் இருந்தன. 135 வேறொரு நாட்டில் செய்யப்பட்டது. கூட்டத்தில் மேடைக்கு அருகே விடமாட்டார்கள் என்று தெரிந்தால் 135 ஐ மாட்டிக்கொள்வார்.

135 ஏன் மலிவு, அகலக் காட்சி வில்லை ஏன் விலை என்பதற்கும் காரணம் வளையத்திலேயே இருக்கிறது. ஆடி உள்ள கமராவில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் நடுவே ஆடி எழும்பி விழ இடம் வேண்டும். 42 மில்லிமீற்றர் புரிக் கமராக்களில் அத்தூரம் 45.46 மில்லிமீற்றர். அதைவிடக் குறைந்த குவியத்தூரமுள்ள வில்லையை அங்கே வைக்க, கண்ணாடிகளைத் தலைகீழாக அடுக்கியதுபோன்ற சிக்கலான அமைப்புத் தேவைப்பட்டது; பிரான்சின் அஞ்சனியூ நிறுவனம் 1950 இல் அதைச் சாதித்தது. 135 க்கு அத்தகைய இக்கட்டு இல்லை. நான்கைந்து கண்ணாடிகள் போதும். ஆகவே கணக்கற்ற தொழிற்சாலைகள் அதைச் செய்து குவித்தன.

1959 இல் நிக்கோன் தனக்கென ஒரு பூட்டை வகுத்தது. ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. பென்டாக்ஸ்கூட 1975 இல் புரியைக் கைவிட்டது. பூட்டு விரைவாக மாட்ட உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் கமராவை வாங்கியவர் அதன் விலைப்பட்டியலுக்குள் அடைபட்டார். 1987 இல் கனொன் தனது பழைய பூட்டையே கைவிட்டபோது, அதன் வாடிக்கையாளரின் வில்லைகள் புதிய கமராவில் ஏறாமற் போயின. விந்தை என்னவென்றால், அப்புதிய பூட்டின் தூரம் 44 மில்லிமீற்றர். ஒரு மெல்லிய வளையத்தைச் செருகினால் டிரெஸ்டன் புரியின் வில்லைகள் அதில் ஏறும்! 46.5 மில்லிமீற்றர் தூரமுள்ள நிக்கோனில், இடையில் கண்ணாடி இல்லாத வளையத்தை வைத்தால் தொலைவிலுள்ளவை தெளிவாக விழா.

2008 இல் பனசொனிக் ஆடியில்லாக் கமராவை வெளியிட்டதும் நிலைமை தலைகீழானது. ஆடி போனதால் தூரமும் சுருங்கியது. 2018 இல் வந்த நிக்கோனின் புதிய பூட்டில் அது 16 மில்லிமீற்றர் மட்டுமே. எஞ்சிய இடத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். அரை நூற்றாண்டு பழைய 135 உம் சோவியத் யுபிட்டரும் இவற்றில் இயங்குகின்றன. குவியத்தைக் கையால் திருப்பவேண்டும். ஓடும் பிள்ளையைப் படம் பிடிக்க உதவாது. நேர்காணலுக்கும் மேடைக்கும் தாராளம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் உங்கள் கமராவின் பூட்டு எது, அதன் தூரம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய உணரியுள்ள கமராவாயின், பழைய 50 ஒன்றே ஏறத்தாழ 75 போலச் செயற்பட்டு முகங்களுக்குப் போதுமானதாகிவிடும். பழைய வில்லையை வாங்கும்போது துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறமிருந்து டோர்ச் ஒளியைப் பாய்ச்சி உள்ளே நோக்குங்கள். சிலந்தி வலைபோல் ஏதும் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். கொழும்பு, சென்னை, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று வீசும் ஊர்களில் கண்ணாடியையே அரித்துவிடும். அத்தகையதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருந்தால் பரவாயில்லை. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.