தபால் கார்டில் ஒரு பேரரசு

நாலு வரி எழுத எதற்கு ஒரு கவர், எதற்கு முழுக் கடிதக் கட்டணம்? 1869 ஜனவரியில் இந்தக் கேள்வியைப் பத்திரிகையில் எழுப்பியவர் ஆஸ்திரியாவின் பொருளாதாரப் பேராசிரியர் இமானுவேல் ஹெர்மன். அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி ஆஸ்திரியா-ஹங்கேரி அரசு உலகின் முதல் தபால் கார்டை வெளியிட்டது. கடிதத்துக்கு 5 குரூட்சர், கார்டுக்கு வெறும் 2. விஷயமும் சுருக்கம், செலவும் சுருக்கம்! மற்ற நாடுகளும் பின்பற்றின. இந்தியாவில் 1879-ல் கால் அணா கார்டு வந்தது.

பல நாட்டு கார்டுகளைச் சேர்ப்பவர்களுக்கு அந்தப் பழைய ஆஸ்திரிய கார்டு ஒரு சரித்திரப் பாடம். அதில் படமே கிடையாது. ஆனால் மேலே உள்ள தலைப்பைப் பாருங்கள். ஹங்கேரிக்கு ஹங்கேரிய மொழியில் தனி கார்டு. மற்ற பகுதிகளுக்கு முதலில் ஜெர்மன் மட்டும். பிறகு ஜெர்மனோடு செக், போலிஷ், இத்தாலியன் என்று ஊருக்கு ஊர் ஒரு மொழி சேர்ந்துகொண்டது. மன்னர் ஒருவர்தான், மக்கள் ஒருவரல்ல என்று கார்டே சொல்லிவிடுகிறது.

1918-ல் அந்தப் பேரரசு உடைந்தது. செக் மக்களுக்குக் கிடைத்த செக்கோஸ்லோவாகியாவும் 1993-ல் இரண்டானது. முதல் தபால் கார்டை வெளியிட்ட நாடு இன்று வரைபடத்தில் இல்லை. 2 குரூட்சர் கார்டு மட்டும் யாரோ ஒருவர் ஆல்பத்தில் பத்திரமாக இருக்கிறது.