மூச்சளவில் ஒரு வரி

1925க்குப் பின் வந்த சில ஆண்டுகளில், புதன்கிழமைதோறும் மார்ட்டின் பூபர் ஹெப்பன்ஹைமிலிருந்து ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு வருவார். பல்கலைக்கழக வகுப்பு முடிந்தபின் எஞ்சிய பொழுது முழுவதும் ஒரு நண்பரின் வீட்டில் கழியும். அந்த நண்பரால் நடக்க இயலாது, எழுத இயலாது, பேசவும் இயலாது. ஆனால் அந்த வாரம் பூபர் அனுப்பியிருந்த மொழிபெயர்ப்பில் எந்தச் சொல் பிசகியிருக்கிறது என்பதை அவர் அறிவார்.

ஃப்ரான்ஸ் ரோஸன்ஸ்வைக் 1886இல் காஸல் நகரில் பிறந்தவர். முதல் உலகப்போரின்போது பால்கன் போர்முனையிலிருந்து அஞ்சலட்டைகளில் எழுதி அனுப்பத் தொடங்கியதுதான் 1921இல் வெளிவந்த ‘மீட்பின் விண்மீன்’ என்ற அவருடைய தத்துவ நூல். பல்கலைக்கழகப் பதவியை மறுத்துவிட்டு, ஃப்ராங்க்ஃபர்ட்டில் வயதுவந்தோருக்கான யூதக் கல்விக்கூடத்தை 1920இல் தொடங்கினார். 1922இன் தொடக்கத்தில் அவருக்கு வந்திருப்பது தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் என்று தெரிந்தது. மருத்துவர்கள் அதிக காலம் தரவில்லை. அதே ஆண்டில் பூபரின் ‘நானும் நீயும்’ அச்சுப்படியைப் படித்த ரோஸன்ஸ்வைக், அதன் அடிப்படையையே கேள்விக்குட்படுத்தி நீண்ட கடிதம் எழுதினார். சாகப்போகிறவர் பாராட்டிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாததைத்தான் அவருடைய அன்பின் இயல்பு என்று நான் எண்ணுகிறேன்.

1922 முடிவதற்குள் எழுதும் ஆற்றல் போயிற்று. அடுத்த ஆண்டில் பேச்சும் போயிற்று. எழுத்துகளைச் சுட்டிக்காட்டினால் போதும் என்ற வகையில் அமைந்த தட்டச்சுப்பொறி ஒன்று சிலகாலம் உதவியது. பிறகு அதுவும் அரிதாகி, மனைவி எடித் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போக, அவர் கண்ணசைவால் நிறுத்த, ஒவ்வொரு எழுத்தாகச் சொல் உருவாகும். முழுச்சொல்லும் வருவதற்குள் எடித் ஊகித்துவிடுவதும் உண்டு. இப்படித்தான் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் நகைச்சுவை குறையாத கடிதங்களும் வெளிவந்தன.

1925இல் லாம்பர்ட் ஷ்னைடர் என்ற இளம் பதிப்பாளர், எபிரேய விவிலியத்தைப் புதிதாக ஜெர்மனில் தரும்படி பூபரைக் கேட்டார். ரோஸன்ஸ்வைக் உடன் இருந்தால் செய்யலாம் என்றார் பூபர். முதலில் லூதரின் மொழிபெயர்ப்பைத் திருத்திப் பார்த்தார்கள். ஒருநாள் உழைப்பிலேயே அது இடிபாடாகக் கிடந்தது. முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று. பூபர் வரைவை அனுப்புவார்; ரோஸன்ஸ்வைக்கின் மாற்றுக் கருத்துகள் திரும்பி வரும்; தீராதவை புதன்கிழமைக்குக் காத்திருக்கும். ஒரே ஒரு எபிரேயச் சொல்லுக்காகக் கடிதங்கள் வாரக்கணக்கில் நீண்டதுண்டு. இப்படி ஒரு முதல் வாசகர் வாய்ப்பதற்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் எதையும் கொடுப்பார்கள்.

அவர்களுடைய கொள்கைகளில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். விவிலியம் கண்ணால் மேயப்படுவதற்கன்று, வாய்விட்டுப் படிக்கப்படுவதற்கு உரியது என்று இருவரும் நம்பினார்கள். ஆகவே பத்திகளைக் கலைத்து, ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவே ஒரு வரி என்று பிரித்தார்கள். எழுத்துக்குள் உறைந்துபோன குரலை மீட்பது பற்றி ரோஸன்ஸ்வைக் அந்த 1925ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அவர் குரல் இழந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தான் ஒருபோதும் உரக்கப் படிக்கப்போகாத வரிகளைப் பிறருடைய மூச்சுக்கு அளந்துகொண்டிருந்தார். இதைப் பற்றி அவர் புலம்பியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

1929 டிசம்பரில் ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தை எட்டியிருந்தார்கள். 9ஆம் தேதி பூபருக்கு ஒரு கடிதம் சொல்லத் தொடங்கினார். தூக்கத்தில் முக்கியமான ஒன்று விளங்கிவிட்டதாக அறிவித்து, அது என்ன என்று சொல்வதற்குள் மருத்துவர் வந்துவிட, வாக்கியம் பாதியில் நின்றது. 10ஆம் தேதி இறந்தார். வயது நாற்பத்திரண்டு. அடக்கத்தின்போது பூபர் 73ஆம் சங்கீதத்தை வாசித்தார்.

மிச்சத்தைப் பூபர் தனியாகச் செய்தார். முடிக்க 1961 ஆயிற்று. ஜெருசலேமில் அதைக் கொண்டாடக் கூடியபோது, இந்த மொழிபெயர்ப்பு இனி யாருக்காக என்று கெர்ஷோம் ஷோலம் வெளிப்படையாகவே கேட்டார். இதைப் படித்திருக்க வேண்டிய ஜெர்மானிய யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ நாடு கடந்தோ போயிருந்தார்கள். பூபருக்கு அப்போது எண்பதைத் தாண்டிய வயது. முன்பக்கத்தில் அவர் பெயருடன் ரோஸன்ஸ்வைக்கின் பெயரும் இருந்தது.