அல்சூரும் அழிந்த எல்லையும்

அரசியல் எல்லைகளை இயற்கை எல்லை, வடிவியல் எல்லை, திணிக்கப்பட்ட எல்லை, எச்ச எல்லை எனப் புவியியலார் வகைப்படுத்துவர். இவற்றுள் பின்னைய இரண்டிற்கும் பெங்களூரின் அல்சூர் சான்றாகிறது.

1809இல் ஆங்கிலேயர் அல்சூரை ஒட்டிப் படைமுகாம் அமைத்தனர். அது ‘தண்டு’ எனப்பட்டது. படையோடு தமிழர் பலரும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் ஆட்சியை உடையார் மரபினரிடம் திருப்பியளித்தபோதும் ஆங்கிலேயர் தண்டினைத் தம் ஆளுகையிலேயே வைத்துக்கொண்டனர். இவ்வாறு திணிக்கப்பட்ட எல்லையின் மேற்கே கன்னடம் மேலோங்கிய பேட்டையும், கிழக்கே தமிழ் மிகுதியாக வழங்கிய தண்டும் தனித்தனி நகராட்சிகளாக வளர்ந்தன.

1947 சூலையில் தண்டு மைசூருடன் மீண்டும் இணைந்தது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஆயினும் எல்லை வளர்த்த மொழிப் பாகுபாடு எஞ்சியது. 1991இல் அல்சூர் ஏரியருகே திறக்கப்படவிருந்த திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் பதினெட்டு ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. இதற்குக் காவிரிச் சிக்கல் முதலிய பிற காரணங்களும் உண்டெனினும், எச்ச எல்லையின் தாக்கத்தையும் புறக்கணித்தற்கில்லை.

2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அச்சிலையும், 13ஆம் நாள் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டன. ஆட்சி ஆணையால் நீங்காத பூசல், இரு மாநிலங்களும் ஒன்றன் புலவரை மற்றொன்று போற்றியபோது தணிந்தது. எனவே எல்லைப் பூசல்களை ஆராய்வோர் நிலப்படத்தோடு மக்களின் மொழி வரலாற்றையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாததாகும்.